மறைந்து நின்ற கலைச்செல்வங்கள்

(களம்பூரில் திருக்குடமுழுக்கு விழாவையொட்டி ஆற்றிய சொற்பொழிவு)

    

குடமுழுக்கு விழாவில் பேச வருவோர் தலப்பெருமை கூறுவதும், திருமுறைச் சுவையை எடுத்தோதுவதும் மரபு. அவற்றை வல்லமையோடு கூறத்தக்க சான்றோர் பலர் இம்மேடையில் வீற்றிருக்கின்றனர். ஆதலின் சிறியேன் வேறொரு பொருளை எடுத்துக்கொள்ள உங்கள் அனுமதியை வேண்டுகின்றேன். நம் நாட்டுத் திருக்கோயில்களின் சிற்பம், ஓவியம், செப்புத் திருமேனி ஆகிய கலைகளின் வரலாற்றிலே பலரும் அறியாத செய்திகள் சில உள. கேட்க அவை விந்தையாக இருக்கும். ஆயினும் விந்தைக்காக மட்டும் அவற்றைச் சொல்ல வரவில்லை. புதுச் சுதையும் புது வண்ணமும் பூண்டு பொலியும் இத்திருக்கோயிலின் முன் நிற்கும் நமக்கு, அச்செய்திகள் ஒரு கடமையை நினைவூட்டுகின்றன. அக்கடமையை முடிவில் கூறுவேன்.

வெளியூர் அன்பர் ஒருவர் நம் ஊருக்குப் புகைவண்டியில் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் இறங்கும் நிலையத்துப் பலகையில் 'ஆரணி ரோடு' என்றே எழுதியிருக்கும். இறங்கி நடந்தால் அவர் காணும் ஊரோ களம்பூர்! பலகையை மட்டும் படித்துவிட்டுப் போகின்றவர் களம்பூரை அறியார். இறங்கி நடப்பவரே அறிவார். கலையின் வரலாறும் ஏறக்குறைய இத்தன்மையதே. மேலே தெரிவது ஒன்று. அடியில் இருப்பது மற்றொன்று.

நான்கு பொருளும் இல்லாத கோயில்

ஏறத்தாழ 1400 ஆண்டுகளுக்கு முன் தொண்டை நாட்டை ஆண்டவன் முதலாம் மகேந்திரவர்ம பல்லவன். விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டிலே பாறையைக் குடைந்து அவன் ஒரு கோயில் எடுத்தான். அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு, செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல், பிரமன், ஈசன், திருமால் ஆகிய மூவர்க்கும் விசித்திரசித்தன் அமைத்த கோயில் இது என்று கூறுகிறது. விசித்திரசித்தன் என்பது அவ்வரசனின் விருதுப் பெயர்.

இதில் வியப்பு என்ன என்று கேட்பீர்கள். 'இந்த நான்கும் இல்லாமல் கட்டினேன்' என்று ஓர் அரசன் பெருமிதத்தோடு சொல்கிறான் என்றால், அதுகாறும் கோயில்கள் அந்த நான்கினால்தாம் கட்டப்பெற்று வந்தன என்பது பொருள் அன்றோ? மரமும் செங்கல்லும் காலத்தால் மறைந்தன. மறைந்தவற்றுள் ஒன்று மண்ணுக்கடியில் நம்மை எதிர்நோக்கிக் காத்திருந்தது. 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலை வந்து வடிந்தபோது மாமல்லபுரத்தை அடுத்த சாளுவன்குப்பத்தில் கல்வெட்டுள்ள பாறையொன்று வெளிப்பட்டது. அதனைப் பற்றிக்கொண்டு இந்தியத் தொல்லியல் துறையினர் 2005-இல் அகழ்ந்தனர். முருகன் கோயில் ஒன்று கிடைத்தது. பல்லவர் காலக் கட்டடத்தின் அடியிலே அதற்கும் முற்பட்ட செங்கற் கோயில்! பல உயிர்களைக் கொண்ட கொடிய அலை, மணல் மூடிய கோயிலொன்றைக் காட்டிவிட்டுச் சென்றது.

மகேந்திரனுக்குச் 'சித்திரகாரப்புலி' என்றொரு பெயரும் உண்டு. ஓவியக் கலைஞருள் புலி என்பது அதன் பொருள். காஞ்சிக்கு அண்மையிலுள்ள மாமண்டூர்க் குடைவரையில் அவனுடைய கல்வெட்டு ஒன்று சிதைந்த நிலையில் உள்ளது. அதிலே 'தட்சிணசித்திரம்' என்னும் ஓவிய நூல் குறிக்கப்பெறுவதை அறிஞர் படித்துள்ளனர். தென்னாட்டு ஓவியத்துக்கென ஒரு நூல் அக்காலத்திலேயே இருந்தது என்பது எத்துணைப் பெருமை!

நம் மாவட்டத்தைச் சேர்ந்த சீயமங்கலத்தை உங்களுள் பலர் அறிவீர்கள். வந்தவாசி வட்டத்தில், தேசூருக்கு அருகில் உள்ளது. அங்கு மகேந்திரன் குடைந்த கோயிலின் பெயர் அவனிபாசன பல்லவேச்சரம். இறைவன் தூணாண்டார். அக்குடைவரையின் தூணொன்றின் மேற்பகுதியிலே சிறியதோர் ஆடல் உருவம் செதுக்கப்பட்டுள்ளது. நிமிர்ந்து நோக்காதவர் கண்ணில் அது படாது. ஆனால் தமிழகத்திலே கல்லில் கிடைத்த ஆடல்வல்லான் வடிவங்களுள் மிகப் பழையவற்றுள் அது ஒன்று. தில்லையை நினைத்தும் தஞ்சையை நினைத்தும் நாம் வணங்கும் கூத்தப் பெருமானின் கல்வடிவத்துத் தொடக்கங்களுள் ஒன்று, நம் மாவட்டத்துச் சிற்றூர்த் தூண் ஒன்றிலே இருக்கிறது!

வண்ணம் பூண்ட கல்

இனி மற்றொரு செய்தி. பழைய கற்கோயில் என்றால் கல்லின் இயல்பான நிறத்திலேயே அது இருந்தது என்று எண்ணுகிறோம். உண்மை அதுவன்று. இராசசிம்ம பல்லவன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுத்த காஞ்சிக் கைலாசநாதர் கோயிலில், கற்சிற்பத்தின் மேல் மெல்லிய சுதை பூசி, அச்சுதையின் மேல் வண்ணம் தீட்டினர். அத்திருக்கோயிலின் சுற்றாலைச் சிறு கோயில்களில், ஒளிந்திருந்த ஓவியங்களின் எச்சங்களை 1931-இல் கண்டு உலகுக்கு அறிவித்தவர், புதுச்சேரியில் ஆசிரியப் பணி புரிந்த பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேய். அதே இராசசிம்மன் விழுப்புரம் மாவட்டத்துப் பனமலையில் எடுத்த கோயிலில், மணிமுடி சூடி, குடை நிழலில், ஒரு காலை மடித்துச் சாய்ந்து நின்று இறைவனின் ஆடலைக் காணும் அம்மையின் ஓவியம் எஞ்சியிருக்கிறது. ஆடும் பெருமானின் ஓவியம் பெரும்பகுதி அழிந்துவிட்டது. காணும் கண்கள் நிற்கின்றன. காணப்பட்ட கூத்து மறைந்தது.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய செய்தியன்று. கிரேக்கரின் வெண்பளிங்குச் சிலைகளைக் கண்டு, வெண்மையே தூய கலையின் அழகு என்று ஐரோப்பியர் நெடுங்காலம் போற்றினர். பின்னர் ஆராய்ந்தபோது, அச்சிலைகளும் செம்மை, நீலம், பொன்மை முதலிய வண்ணங்கள் பூண்டிருந்தவை என்பது தெரியவந்தது. வெயிலும் மழையும் கழுவிய பின் எஞ்சிய வெண்மையைத்தான் அவர்கள் புகழ்ந்தனர்!

தஞ்சையில் ஒரு விளக்கொளி

இனிச் சொல்லப்போவதே இன்றைய பேச்சின் நடுப்பொருள்.

இராசராச சோழர் எடுத்த தஞ்சைப் பெரிய கோயில் 1010-ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. கருவறையைச் சுற்றி இரு சுவர்களுக்கிடையே குறுகிய, இருள் சூழ்ந்த திருச்சுற்று ஒன்று உண்டு. அதன் சுவர்களிலே நாயக்கர் காலத்து ஓவியங்கள் இருந்தன. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து வரலாற்று ஆசிரியர் எஸ். கே. கோவிந்தசாமி அவர்கள் 1931-இல் விளக்கொன்றை எடுத்துக்கொண்டு அவ்விருளில் நுழைந்தார். நாயக்கர் ஓவியத்தின் சுதை ஓரிடத்தில் வெடித்தும் பெயர்ந்தும் இருந்தது. விளக்கை அருகில் கொண்டுபோய் உற்று நோக்கினார். பெயர்ந்த சுதையின் அடியில் வேறொரு சுதை! அதன் மேல் வேறு கோடு, வேறு வண்ணம்! இராசராசர் காலத்து ஓவியம் தன் மேற்போர்வைக்குள் அத்தனை காலமும் உறங்கிக் கொண்டிருந்தது.

அன்பர்களே! அங்குள்ள ஓவியங்களின் சிறப்பை எவ்வாறு சொல்வது? ஒரு புறம் சுந்தரமூர்த்தி நாயனார் வெள்ளை யானை மீது கயிலை நோக்கி விரைகின்றார். சேரமான் பெருமாள் குதிரை மீது உடன் செல்கின்றார். மற்றொரு புறம் தில்லைக் கூத்தனை வழிபடும் அரச குடும்பம். இன்னொரு சுவர் நிறைய முப்புரம் எரித்த பெருமான், தேர் மீது வில்லேந்தி நிற்கும் பேருருவம். புகழ் பெற்ற அரசன் ஒருவன் தான் மதித்த நாயன்மார் வரலாற்றைச் சுவரில் எழுதி வைத்தான். பிற்காலத்தார் அதனை அறியாமலே அதன் எதிரில் நின்று தொழுது சென்றனர்.

சென்னை அருங்காட்சியகத்து இரசாயன அறிஞர் எஸ். பரமசிவன் அவர்கள் இவ்வோவியங்களின் சுதையை ஆராய்ந்து, சுண்ணாம்புச் சுதை ஈரமாக இருக்கும்போதே அதன் மேல் வண்ணம் தீட்டப்பட்டது என்ற முடிவுக்கு வந்தார். அந்த முறையின் நுட்பத்தைச் சிறிது எண்ணிப் பாருங்கள். ஈரச் சுதை உலரும்போது காற்றிலுள்ள கரியமில வாயுவோடு கூடி இறுகுகிறது. வண்ணமும் அதனோடு ஒன்றிக் கல்லாகிறது. ஆனால் ஈரம் உள்ள சிறு பொழுதுக்குள் தீட்டி முடிக்க வேண்டும். இழுத்த கோட்டை அழித்து மீண்டும் இழுக்க இயலாது. பாவில் ஓடிய இழையைத் திருப்புதல் எளிதன்று என்பதைத் தறியில் அமர்ந்தவர் அறிவார். அந்த ஓவியரும் அவ்வாறே கை தவறாது வாழ்ந்தவர்.

இங்கே ஓர் ஐயம் எழும். நாயக்கர் காலத்தவர் சோழர் ஓவியத்தை மறைத்தது பிழையா? கடிந்து கூற என் நா எழவில்லை. அவர்களும் நம்மைப் போலத் திருப்பணி செய்தவர்களே. பழையது மங்கியது, புதியது தீட்டுவோம் என்ற பக்தியால் செய்தனர். விந்தை யாதெனில், அவர்கள் இட்ட போர்வையே பழைய ஓவியத்தை விளக்குப் புகையிலிருந்தும் கைபடுதலிலிருந்தும் காத்தது. பின்னர்த் தொல்லியல் துறையினர் நாயக்கர் ஓவியத்தையும் அழிக்காமல் சுவரினின்றும் மெல்லப் பிரித்தெடுத்து, கண்ணாடி இழைப் பலகைகளில் பொருத்திக் காட்சிக்கு வைத்தனர். இருவர் திருப்பணியும் பிழைத்தது.

இத்தாலி நாட்டுப் புளோரன்சு நகரிலும் இத்தகைய நிகழ்ச்சி ஒன்றுண்டு. மசாச்சோ என்னும் இளம் ஓவியர் சாந்தா மரியா நொவெல்லா கோயிற் சுவரிலே தீட்டிய மூவொருமை ஓவியம் உலகப் புகழ் பெற்றது. 1570-ஆம் ஆண்டளவில் அக்கோயிலைப் புதுப்பித்த வசாரி, அதன் முன்னே புதியதொரு கற்பீடத்தை எழுப்பி அதனை மறைத்துவிட்டார். 1860-இல்தான் அது மீண்டும் வெளிப்பட்டது. வசாரி யார் தெரியுமா? ஓவியர் வரலாற்றை நூலாக எழுதி, அந்நூலில் மசாச்சோவைப் புகழ்ந்தவர்! கலையறிந்தவர் கையாலும் கலை மறைவதுண்டு. கல்லாதார் கையால் மட்டுமன்று.

தஞ்சைக் கோயிலில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். மேல்தளத்துத் திருச்சுற்றில் நாட்டிய நூல் கூறும் 108 கரணங்களைச் சிவபெருமானே ஆடிக் காட்டுவதாகச் செதுக்கத் தொடங்கினர். 81 கரணங்கள் முடிந்தன. எஞ்சிய 27 கற்கள் உளி படாமல் அப்படியே நிற்கின்றன. பேரரசர் திருப்பணியிலும் எஞ்சிய வேலை உண்டு என்பது, நம்போன்ற எளியோர்க்கு ஆறுதலும் அன்றோ?

விதானத்தில் விரித்த துணி

நெசவு வாழும் நாட்டில் நின்று பேசுகிறேன். ஆதலின் இதனைச் சொல்லாமல் போவது முறையன்று. புதுக்கோட்டையை அடுத்த சித்தன்னவாசல் சமணக் குடைவரையின் ஓவியங்களை, ஒரு காலத்தில் மகேந்திர பல்லவன் காலத்தவை என்றே யாவரும் எழுதினர். பின்னர் அங்குள்ள தமிழ்க் கல்வெட்டைக் கருதிப் பார்த்தபோது, பாண்டியன் சீவல்லபன் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அக்கோயிலைப் புதுக்கினான் என்பது தெரிந்தது. ஒரு திருப்பணியாளனின் பெயர், ஒரு மன்னன் பெயரில் வழங்கிய புகழைத் திருத்திவிட்டது!

அங்கே தாமரைப் பொய்கையைப் பலரும் பார்க்கின்றனர். கருவறையின் விதானத்தை நோக்குவோர் சிலரே. அங்கே வண்ணக் கோலமிட்ட துணி விரித்தாற்போன்ற ஓவியம் உண்டு. தெய்வத்தின் தலைக்கு மேல் மேற்கட்டி கட்டும் வழக்கத்தை ஓவியர் அழியாத வண்ணமாக்கினர். ஆந்திர நாட்டு இலேபாட்சியிலே விசயநகரக் காலத்து ஓவியங்களில் வரும் ஆடைகளின் கரைகளும் கோலங்களும் இன்றளவும் நெசவாளர்க்கு மாதிரியாகின்றன. நெய்த துணி சில தலைமுறைகளில் நைந்து போகிறது. அதனைக் கண்டு ஓவியர் எழுதிய துணி நூற்றாண்டுகள் நிற்கிறது. அதனைக் கண்டு மீண்டும் நெசவாளர் நெய்கின்றனர். தறியிலிருந்து சுவருக்கும், சுவரிலிருந்து தறிக்கும் கலை இவ்வாறு நடந்து வருகிறது.

ஒரு வணிகன் மனைவி ஏற்றிய விளக்கு

இவையெல்லாம் தொலைவில் உள்ளவை என்று எண்ண வேண்டா. போளூர் வட்டத்துத் திருமலை நமக்கு எவ்வளவு அண்மை! மலையின் மேல் ஏறத்தாழ 16 அடி உயரத்தில் பாறையிலே செதுக்கப்பட்ட நேமிநாதர் நிற்கின்றார். மலையடிவாரத்தில் இயற்கைக் குகையினுள் எழுப்பிய அறைகளிலே ஓவியங்கள் உள. இராசராசரின் தமக்கையார் குந்தவையார் பெயரால் அமைந்த ஜினாலயமும் அங்குண்டு. சிவபக்தியிற் சிறந்த சோழர் குலத்து நங்கையின் பெயர் சமணப் பள்ளியில் நிலைத்தது என்பதே முதல் வியப்பு.

இரண்டாவது வியப்பு: முதலாம் இராசேந்திரர் படை கங்கை வரை சென்ற வெற்றியை விரித்துரைக்கும் புகழ்பெற்ற கல்வெட்டுகளுள் ஒன்று திருமலையில்தான் உள்ளது. அது எதற்காக வெட்டப்பட்டது? வெற்றித் தூண் நாட்டவா? இல்லை. நன்னப்பயன் என்னும் வணிகனின் மனைவி சாமுண்டப்பை அக்கோயிலுக்கு ஒரு விளக்கு வைக்கக் கொடுத்த காசைப் பதிவு செய்யவே வெட்டப்பட்டது. விளக்குக் கொடை எழுதுமுன் ஆளும் அரசனின் மெய்க்கீர்த்தியை எழுதுவது மரபு. ஆகவே கங்கை கொண்ட வரலாறு, நம் பகுதியில் ஓர் அம்மையார் ஏற்றிய விளக்கின் ஒளியில் நமக்குத் தெரிகிறது. விளக்கு அணைந்தது, எழுத்து நின்றது. நன்கொடை வழங்கிய பெருமக்களே, உங்கள் கொடை சிறிதென்று எண்ணாதீர்கள்!

மண்ணில் புதைந்த திருமேனிகள்

இனிச் செப்புத் திருமேனிகளைப் பற்றிச் சிறிது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வழங்கிய 60-க்கும் மேற்பட்ட திருமேனிகளின் உயரத்தை முழம், விரல் கணக்கில், எத்தனை கைகள், எத்தகைய பீடம் என்றெல்லாம் கல்லிலே எழுதி வைத்தார் இராசராசர். அணிகலன்களை முத்து முத்தாக எண்ணி நிறையோடு பொறித்தார். கோயிற் பணிக்கு அமர்த்திய ஆடல் மகளிர் 400 பேரின் பெயரும், அவர்கள் குடியிருந்த தெருவும் வீடும் அங்கே எழுதப்பெற்றுள்ளன. தான் கொடுத்ததும், தமக்கை கொடுத்ததும், பிறர் கொடுத்ததும் ஒருங்கே எழுதுவித்தார். அத்திருமேனிகளுள் இன்று அங்கிருப்பவை மிகச் சிலவே. திருமேனி போயிற்று, கணக்கு இருக்கிறது.

திருவெண்காட்டில் இதற்கு நேர்மாறு. 1951-52-இல் அங்கே மண்ணை அகழ்ந்தபோது செப்புத் திருமேனிகள் கிடைத்தன. அவற்றுள் ஒன்று, பாம்புகளோடு சடையைத் தலைப்பாகையாகச் சுற்றி, ஒரு கையை வெறும் வெளியில் ஊன்றினாற்போல நிற்கும் பெருமான். அக்கை ஊன்றிய இடத்தில் ஒரு காலத்தில் இடபம் நின்றது. இடபம் மறைந்துவிட்டது, ஊன்றிய கையின் நயமே அதனைக் காட்டுகிறது. அத்திருக்கோயிற் கல்வெட்டுகளால் இடபவாகன தேவர் 1011-ஆம் ஆண்டையும், உடனுறையும் தேவியார் 1012-ஆம் ஆண்டையும் சேர்ந்தவர் என்று தெரிகிறது. ஆண்டு தெரிந்த திருமேனி கிடைப்பது அரிது. இவை இரண்டின் காலத்தைக் கொண்டு பிற திருமேனிகளின் காலத்தை அறிஞர் கணிக்கின்றனர். இன்று அவை தஞ்சைக் கலைக்கூடத்தில் உள.

திருவாலங்காட்டுக் கூத்தப்பெருமான் சென்னை அருங்காட்சியகத்தில் இருப்பதை அறிவீர்கள். பிரெஞ்சு நாட்டுச் சிற்பப் பேரறிஞர் ரோதேன், அத்திருவுருவைக் கண்டு வியந்து சிவனின் கூத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அது அவர் 1917-இல் மறைந்த பின்னர் 1921-இல் அச்சாகியது. அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை! தம்மிடம் காட்டப்பெற்ற நிழற்படங்களைக் கொண்டே எழுதினார். ஒரு நிழற்படம் கடல் கடந்து ஒரு கலைஞனின் உள்ளத்தை உருக்கியது.

அதே நிழற்படம் களவு போன தெய்வத்தையும் மீட்டுத் தரும் என்பதை அண்மைக்காலம் காட்டியது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் 1956 முதல் ஊர் ஊராகச் சென்று கோயில்களைப் படமெடுத்து வைத்தனர். ஆனந்தமங்கலம் இராசகோபாலசுவாமி கோயிலில் இராமர், இலக்குவர், சீதாபிராட்டி திருமேனிகளை 1958-இல் எடுத்த படங்கள் அவர்களிடம் இருந்தன. 1978-இல் அத்திருமேனிகள் களவு போயின. பழைய படங்களே சான்றாகி, 2020-இல் அவை இங்கிலாந்திலிருந்து திரும்பின. ஆஸ்திரேலிய நாட்டுக் கலைக்கூடம் 2008-இல் பெரும்பொருள் கொடுத்து வாங்கிய ஸ்ரீபுரந்தான் நடராசர் 2014-இல் தாயகம் வந்ததற்கும் அந்நிறுவனத்தின் படங்கள் துணை நின்றன.

பத்தூர் நடராசர் வழக்கு இன்னும் விந்தையானது. 1976-இல் பாழடைந்த கோயிலுக்கு அருகில் மண்ணிலிருந்து வெளிப்பட்டு, கள்ளக் கைகள் வழியே இலண்டன் சேர்ந்த திருமேனி அது. அங்கே வழக்கு நடந்தது. வழக்குத் தொடுத்தோருள் அக்கோயிலின் சிவலிங்கமும் ஒருவர்! தமிழகத் தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி அவர்கள் சென்று சான்றுரைத்தார். திருமேனியில் ஒட்டியிருந்த மண்ணும் சான்றாயிற்று. 1988-இல் தீர்ப்பு கிடைத்து, மேல்முறையீட்டிலும் வென்று, 1991-இல் பெருமான் திரும்பினார். கூரையற்ற கோயிலுக்கும் உரிமை உண்டு என்று கடல் கடந்த மன்றம் ஒப்புக்கொண்டது.

நம் கடமை

பெரியோர்களே! தொடக்கத்தில் கூறிய கடமைக்கு வருகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் சிற்றூர் ஒன்றின் கோயிலுக்குச் சென்றிருந்தேன். மண்டப விதானத்தில் புகை படிந்த ஓவியம் ஒன்று இருந்தது. தேர் தெரிந்தது, தேர் இழுப்போர் தெரிந்தனர், அடியில் இரண்டு வரி எழுத்தும் தெரிந்தது. மறுமுறை வரும்போது ஏணி கொண்டு வந்து படிக்கலாம் என்று திரும்பிவிட்டேன். மறுமுறை சென்றபோது விதானம் பளிச்சென்று இருந்தது. சுரண்டி எடுத்துவிட்டுப் புது வண்ணம் அடித்திருந்தனர். 'எவ்வளவு தூய்மையாகிவிட்டது, பாருங்கள்' என்று அங்கிருந்த பெரியவர் மகிழ்ந்து காட்டினார். அவர் மீது எனக்குச் சினம் இல்லை. நல்ல மனத்தோடு செய்ததே அது. அன்று ஒரு படமேனும் எடுத்து வைக்காத என் சோம்பலே என்னை இன்றும் வருத்துகிறது. அவ்விரண்டு வரியும் யாருடைய பெயரைச் சொல்லிற்றோ, அப்பெயர் என் கண் முன்னேதான் அழிந்தது.

சுதை மூடினால் என்றேனும் ஒரு கோவிந்தசாமி விளக்கோடு வருவார். சுரண்டி எடுத்தபின் யார் வந்தும் பயனில்லை. கல்லைத் தூய்மையாக்குகிறோம் என்று மணலை விசையோடு வீசியடித்தால், அழுக்கோடு எழுத்தும் போகும். சிற்பத்தின் மூக்கும் விரலும் மழுங்கும்.

முன்னோர் இதில் நமக்கு நல்வழி காட்டியுள்ளனர். செம்பியன் மாதேவியார் திருக்கோடிகாவல் கோயிலைக் கற்றளியாகப் புதுக்கியபோது, பழைய கற்களில் இருந்த கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதிய சுவரில் மீண்டும் வெட்டுவித்தார். திருமழபாடியில் இராசராசர் விமானத்தைப் பிரித்துக் கட்ட ஆணையிட்டபோது, முதலில் கல்வெட்டுகளைப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளச் செய்தார். இராசேந்திரர் காலத்தில் அவை மீண்டும் கல்லில் ஏறின. பழையதைப் படித்து எழுதிய பிறகே புதியதைக் கட்டினர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இருந்த திருப்பணி முறை இது!

ஆகவே திருப்பணிச் செல்வர்களை இரு கை கூப்பி வேண்டுகிறேன். இக்கோயிலிலோ, நீங்கள் பின்னர்க் கைகொடுக்கும் வேறு கோயிலிலோ, சுண்ணாம்புக் கலயத்தைத் தொடுமுன் ஒரு விளக்கைத் தொடுங்கள். சுவரையும் விதானத்தையும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். எழுத்தோ வண்ணமோ தென்பட்டால் தொல்லியல் துறைக்கு ஓர் அஞ்சல் எழுதுங்கள். பழங்கல் எதனையும் படிக்கட்டாக்காதீர்கள். ஒவ்வொரு திருமேனியையும் முன்னும் பின்னும் பக்கங்களிலும் படமெடுத்து, உயரத்தையும் அடையாளங்களையும் எழுதி, ஒரு படியைக் கோயிலிலும் மற்றொரு படியை வேறிடத்திலும் வையுங்கள். யார் எதைக் கொடுத்தார் என்பதை, ஒரு குடம் எண்ணெய் கொடுத்தவரையும் விடாமல் எழுதுங்கள். செலவு சிறிது, பயன் நூற்றாண்டுகள் நிற்கும்.

பட்டுச் சேலை வாங்க வருகின்றவர் முந்தானையின் பளபளப்பை மட்டும் பார்க்கின்றார். நெய்தவரோ அதனைத் திருப்பி அடிப்புறத்து இழையையும் பார்க்கின்றார். கோயிலைப் புதுக்குகின்ற நாம் நெய்தவர் கண்ணோடு பார்ப்போமாக. நாம் இன்று பூசும் வண்ணத்தையும் ஒரு நாள் யாரோ ஒருவர் விளக்கேந்தி உற்று நோக்குவார். அவர் கண்ணுக்கு நம் பக்தியும் தெரியட்டும். நமக்கு முன்னிருந்தார் பக்தியும் தெரியட்டும்.